அம்மா இருந்தவரை

சிகாகோ பிளாக் ஹாக்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணியின் சட்டையில் கிளாரன்ஸ் ஏபல் இருக்கும் பழைய படம் ஒன்றைப் பல நாள் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். கனத்த ஆள். ஆறடிக்கு மேல் உயரம், நூறு கிலோவைத் தாண்டிய எடை. அந்தக் காலத்துத் தேசிய ஹாக்கி லீகில் அவரைவிடப் பெரிய உடம்புக்காரரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சட்டையின் நெஞ்சில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஓர் அமெரிக்கப் பழங்குடித் தலைவரின் முகம். என் கண் ஏபலின் முகத்தில் நிற்காமல் அந்த முகத்துக்கே இறங்கிவிடும். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் ஆடியது ஐந்து பருவம். தன் அம்மா ஓஜிப்வே பழங்குடிப் பெண் என்பதை அந்த ஐந்து பருவத்திலும் அவர் வெளியே சொல்லவில்லை.

பிறப்பை மறைத்து வாழ்வது பொய்யா என்ற கேள்வி பள்ளிக்கூட வயதிலிருந்தே என்னோடு இருக்கிறது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் ஏபலின் ஊரைச் சொல்ல வேண்டும்.

மிச்சிகன் மாநிலத்தின் வடக்கு விளிம்பில் இருக்கும் ஊர் சூ செயின்ட் மரி. அங்கிருப்பவர்களுக்கு வெறும் ‘சூ’. சுப்பீரியர் ஏரித் தண்ணீர் செயின்ட் மேரிஸ் ஆறாகி ஹ்யூரான் ஏரியை நோக்கி இறங்கும் இடம் அது. கிட்டத்தட்ட இருபத்தோரு அடி இறக்கம்; பாறையில் மோதி நுரைத்துக்கொண்டு ஓடும். ஓஜிப்வே மக்கள் அதற்கு பாவெட்டிங் என்று பேர் வைத்திருந்தார்கள். நீர் விரைந்து பாயும் இடம் என்று பொருள். அந்த நுரைக்கு நடுவே தோணியை நிலைநிறுத்தி, நீளக் கம்பில் கட்டிய வலையால் மீனை அள்ளுவார்கள். அப்புறம் வந்த பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயரும் அந்தப் பாய்ச்சலைத்தான் சொல்கிறது. 1855-இல், கப்பல்கள் அந்த இறக்கத்தில் மாட்டிக்கொள்ளாமல் போய்வர மதகுக் கால்வாய் வெட்டினார்கள். அக்கரை கனடா. அங்கேயும் அதே பெயரில் ஓர் ஊர். ஐஸ் ஹாக்கியில் முழுக்க முழுக்கச் சம்பளத்துக்கு ஆடும் முதல் லீக் 1904-இல் தொடங்கியபோது ஆற்றின் இரண்டு கரைக்கும் அதில் அணி இருந்தது. அமெரிக்கக் கரை அணியின் பெயர் ‘சூ இந்தியன்ஸ்’. ஏபல் பிறந்தது 1900 மே 28. அந்தப் பெயர் ஊருக்குள் புழங்கியபோது நாலு வயதுப் பையன்.

மிட்டாய்ப் பைத்தியம். டாஃபி மிட்டாயை வகுப்பில் ஒளித்து வைத்துத் தின்பானாம். அதனால் கடைசிவரை பேரே ‘டாஃபி’ ஏபல் ஆகிவிட்டது.

அப்பா ஜான் ஏபல் வெள்ளைக்காரர். அம்மா சார்லட், சிப்பவா என்றும் அழைக்கப்படும் ஓஜிப்வே குலத்துப் பெண். பிள்ளைகளை வெள்ளைக்காரப் பிள்ளைகளாகவே ஊருக்குக் காட்டி வளர்ப்பது என்று பெற்றோர் முடிவு செய்தார்கள். பின்னாளில் குடும்பத்தார் சொன்ன காரணம், பள்ளிக்கூடம். அது நமக்கு விநோதமாகப் படலாம். நம் வீடுகளில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத்தான் பொய் சொல்லியிருக்கிறார்கள், பள்ளியிலிருந்து காப்பாற்ற இல்லை. ஆனால் அன்றைய அமெரிக்காவில் பழங்குடிப் பிள்ளைகளுக்கென்று உறைவிடப் பள்ளிகள் இருந்தன. 1879-இல் பென்சில்வேனியாவின் கார்லைல் ஊரில் ஒன்று தொடங்கி, அந்த மாதிரியிலேயே நாடெங்கும் பெருகின. வீட்டிலிருந்து தொலைவுக்குக் கொண்டுபோய், முடியை வெட்டி, சொந்தப் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் சூட்டி, சொந்த மொழி பேசினால் அடித்தார்கள். மிச்சிகனிலேயே மவுன்ட் பிளசன்ட் என்ற இடத்தில் 1893 முதல் 1934 வரை அப்படி ஒரு பள்ளி நடந்தது. சார்லட்டுக்கு அந்தப் பயம் கதையாகக் கேட்ட பயமாக இருந்திருக்காது. பிள்ளைக்குத் தன் மொழியைக் கொடுத்தால் பிள்ளையே கையை விட்டுப் போய்விடுவான் என்ற நிலையில், ஒரு தாய் எதைக் கொடுப்பாள்?

பையன் நல்ல வெளுப்பு. முகம் காட்டிக்கொடுக்கவில்லை. ஊரின் அமெச்சூர் அணிகளிலும், பிறகு செயின்ட் பாலிலும் ஆடி வளர்ந்தான். 1924-இல் பிரான்ஸின் ஷாமொனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்குக்கு அமெரிக்க ஹாக்கி அணியில் போனான். ஜனவரி 25, தொடக்க விழா. அமெரிக்கக் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னே நடந்தது டாஃபி ஏபல்.

ஆட்டங்களின் முடிவைச் சொன்னால் நம்ப முடியாது. பிரான்ஸை 22-0, ஸ்வீடனை 20-0, பெல்ஜியத்தை 19-0 என்று அமெரிக்கா வென்றது. கடைசியில் கனடாவிடம் 6-1 தோற்று வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பியது. இந்த எண்களைவிட என்னைப் பிடித்து நிறுத்துவது ஒரு தேதி. அமெரிக்காவில் பிறந்த பழங்குடியினர் எல்லாரும் அந்த நாட்டின் குடிமக்களே என்ற சட்டத்தில் அதிபர் கூலிட்ஜ் கையெழுத்திட்டது அதே ஆண்டு ஜூன் 2-ஆம் தேதி. கொடி நடந்து நான்கு மாதத்துக்குப் பிறகு. டாஃபிக்குத் தகப்பன் வழியில் சிக்கல் இருந்திருக்காது. ஆனால் அவர் அம்மாவின் இனத்தாரில் பலரை, அவர் தூக்கிய கொடி அன்றைக்குத் தன்னவர் என்று ஏற்கவில்லை. ஆல்ப்ஸ் பனியில் அந்தக் கம்பைப் பிடித்த கைக்கு அது தெரிந்திருக்குமா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். தெரியாமல் எப்படி இருக்கும்?

1926-இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் என்ற புது அணியைக் கட்டக் கிளம்பிய கான் ஸ்மைத், மினியாபொலிஸில் ஆடிக்கொண்டிருந்த இரண்டு தடுப்பாட்டக்காரர்களைப் பிடித்தார். ஒருவர் கனடாக்காரர் சிங் ஜான்சன். இன்னொருவர் டாஃபி. அவர் கையெழுத்துப் போட இழுத்தடித்ததாகவும், ஸ்மைத் அவரை ரயில் பெட்டிக்குள் வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு, வண்டி கிளம்பும் நேரத்தில் கையெழுத்தை வாங்கியதாகவும் ஒரு கதை உண்டு. கனடாக்காரர்கள் நிறைந்திருந்த லீகில் அமெரிக்காவில் பிறந்த ஒருவர் நிலைத்து நின்றதே அபூர்வம்.

தடுப்பாட்டக்காரரின் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மூன்றங்குல அகலம், ஓர் அங்குலக் கனம் உள்ள ரப்பர் வட்டு அது. அதை மட்டையால் தள்ளிக்கொண்டு ஒருவன் பாய்ந்து வருவான். தடுப்பாட்டக்காரர் அவனைப் பார்த்தபடியே பின்னோக்கிச் சறுக்குவார். வட்டைப் பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொடுப்பார்கள். மட்டை ஏமாற்றும், கண் ஏமாற்றும், நெஞ்சு ஏமாற்றாது. நெஞ்சு போகும் பக்கம்தான் ஆள் போவான். சரியான நொடியில் குறுக்கே போய்த் தோளையும் இடுப்பையும் கொடுக்க வேண்டும். அப்போது தலைக்கவசம் கிடையாது. டாஃபி 333 லீக் ஆட்டங்களில் இதைச் செய்தார். அடித்த கோல்கள் இருபதைத் தொடவில்லை. கோல் கணக்கை வைத்து அளக்க முடியாத உழைப்பு அது.

1928 ஏப்ரல் 7-ஆம் தேதி இரவைப் பற்றி ஐஸ் ஹாக்கி பிரியர்கள் இன்றும் பேசுகிறார்கள். லீகின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பைக்கான இறுதிச் சுற்று. நியூயார்க் அரங்கத்தைச் சர்க்கஸுக்கு விட்டிருந்ததால் எல்லா ஆட்டமும் எதிரணியான மான்ட்ரியல் மரூன்ஸின் ஊரில்தான். இரண்டாவது ஆட்டத்தில் ரேஞ்சர்ஸ் கோல்காப்பாளர் லோர்ன் ஷபோவின் கண்ணில் வட்டு வந்து அடித்தது. மாற்றுக் காப்பாளரை வைத்துக்கொள்ளும் வழக்கம் அப்போது இல்லை. பார்வையாளர் பகுதியில் இருந்த வேறொரு அணியின் காப்பாளரை இரவல் கேட்டார்கள், எதிரணி ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் பயிற்சியாளர் லெஸ்டர் பேட்ரிக் தானே கவசங்களைக் கட்டிக்கொண்டு கோல் வலைக்கு முன் போய் நின்றார். வயது நாற்பத்து நான்கு. தலை நரைத்திருந்தது. அவருக்கு முன்னால் டாஃபியும் ஜான்சனும். வருகிறவனை வலைப் பக்கம் நெருங்க விடாமல் இருவரும் மாறி மாறி உடம்பைக் குறுக்கே போட்டார்கள். அந்தக் கிழவர் விட்டது ஒரே கோல். கூடுதல் நேரத்தில் ஃபிராங்க் பூஷே அடிக்க, ரேஞ்சர்ஸ் 2-1 என்று வென்றது. அந்தத் தொடரையும் கோப்பையையும் வென்றது.

பின்னால் நிற்கும் ஒருவருக்காக முன்னால் நின்று அடி வாங்குவது டாஃபிக்குப் பழகிய காரியம் என்று எனக்குத் தோன்றும்.

இப்போது என் காரணம்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அப்பாவுக்கு மாற்றல் வந்தது. புது ஊரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனோம். நல்ல ஓட்டு வீடு, முற்றத்தில் அடிபம்பு. வீட்டுக்காரர் வாடகை சொன்னார், அட்வான்ஸ் சொன்னார். வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டே, “நீங்க என்ன ஆளுங்க?” என்றார். அப்பா தயங்காமல் ஒரு சாதிப் பெயரைச் சொன்னார். அது எங்கள் சாதி இல்லை. நான் அப்பாவின் கையைப் பிடித்திருந்தேன். உள்ளங்கை வேர்த்திருந்தது. சாவி கிடைத்தது.

அந்த வீட்டில் ஆறு வருஷம் இருந்தோம். அப்பாவைப் பெற்ற பாட்டி இரண்டே தடவைதான் வந்தாள். முதல் தடவை வந்தபோது அம்மா அவளை உள்ளறையை விட்டு வெளியே விடவில்லை. பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். வீட்டுக்காரம்மா வாசலில் வந்து, “யாரு வந்திருக்காங்க?” என்று கேட்டதற்கு, “ஊர்ல இருந்து வேண்டியவங்க” என்றாள். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பாட்டி அப்பாவிடம் மெதுவாகக் கேட்டாள்: “என்னைய யாருன்னு சொல்லி வச்சிருக்கய்யா?” குரலில் கோபமே இல்லை. சொன்னால் அதற்குத் தக்கபடி நடந்துகொள்ளலாமே என்பது போலக் கேட்டாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

கல்லூரிக் காலம் முழுக்க அப்பாவைக் கோழை என்று நினைத்தேன். ஒருமுறை முகத்துக்கு நேராகவும் சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. டாஃபி ஏபலைப் படித்த பிறகுதான், நான் கேள்வியைத் தப்பான ஆளிடம் கேட்டிருக்கிறேன் என்று உறைத்தது. வெற்றிலைக் காம்பைக் கிள்ளியவரிடம் கேட்டிருக்க வேண்டும். அவரை நான் ஆறு வருஷமும் ‘மாமா’ என்று கூப்பிட்டேன்.

1929-இல் ரேஞ்சர்ஸ் டாஃபியைச் சிகாகோவுக்கு விற்றது. அந்த அணியின் உரிமையாளர் ஃபிரெடரிக் மெக்லாலின். முதல் உலகப் போரில் அவர் இருந்த படைப்பிரிவின் பெயர் பிளாக்ஹாக். 1832-இல் தன் மண்ணுக்காக அமெரிக்கப் படையோடு மோதித் தோற்ற சாக் பழங்குடித் தலைவரின் பெயர் அது. அதையே அணிக்கும் வைத்தார். நெஞ்சில் இருக்கும் அந்தத் தலைவரின் முகத்தை வரைந்தது மெக்லாலினின் மனைவி, புகழ்பெற்ற நடனக்காரி ஐரீன் காசில். இப்படித்தான் முகத்தைச் சின்னமாகக் கொண்டாடிக்கொண்டே, முகத்துக்கு உரியவன் வந்தால் கதவை எவ்வளவு திறப்பது என்று யோசிக்கும் உலகம் ஒன்று இருந்தது. அந்தச் சட்டையைத் தலைவழியாக மாட்டும்போது டாஃபிக்கு என்ன தோன்றியிருக்கும்? எழுதி வைக்கவில்லை. நான் ஊகிக்கவும் விரும்பவில்லை. பாட்டியின் கேள்விக்குப் பிறகு அப்பா சோற்றைப் பிசைந்த விரல்கள்தான் எனக்கு ஞாபகம் வரும்.

டாஃபியைப் பாராட்டுவதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் இருக்கிறது. தவிர்த்துவிட்டுப் போக மனம் வரவில்லை. டாஃபி ரேஞ்சர்ஸை விட்டுப் போய் இரண்டு வருஷம்கூட ஆகாத நிலையில், பட்டி மாரகிள் என்ற மோஹாக் இளைஞர் அதே அணிக்கு ஆட வந்தார். அவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். பத்திரிகைகள் அவர் ஆட்டத்தைவிட இனத்தைப் பற்றியே எழுதின. 11 லீக் ஆட்டங்களோடு அவர் அத்தியாயம் முடிந்தது. பிறகு 1953-இல் சிகாகோவுக்கு வந்தவர் ஃபிரெட் சாசகமூஸ், கனடாவின் கிரீ இனத்தவர். சிறுவயதிலேயே வீட்டிலிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிக்குக் கொண்டுபோகப்பட்டவர். அவரும் ஆடியது 11 ஆட்டம். ஒருவர் எத்தனை ஆட்டம் ஆடினார் என்பதற்குத் திறமை, காயம், காலம் என்று நூறு காரணம் இருக்கும். எல்லாவற்றையும் இனத்தின் தலையில் கட்டமாட்டேன். ஆனாலும் 333-ஐயும் இந்த இரண்டு பதினொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் நெஞ்சு என்னவோ செய்கிறது.

முதலில் நடப்பவன் புல்லை மிதித்துக்கொண்டு போனால் பின்னால் வருகிறவனுக்கு ஒற்றையடிப் பாதை கிடைக்கும். மறைந்து போகிறவன் புல்லை மிதிக்காமல்தான் போக வேண்டும். டாஃபி போன தடத்தில் மாரகிளுக்கு ஒரு பாதையும் கிடைக்கவில்லை. அதே ஊர், அதே அணி, அதே உடைமாற்றும் அறை. தன்னைப் போல் ஒருவன் இங்கே இருந்து கோப்பையும் வாங்கியிருக்கிறான் என்று அந்த இளைஞருக்குத் தெரிய வழியில்லை. மறைப்பின் உண்மையான விலை இதுதான் என்று நினைக்கிறேன். மறைத்தவர் கொடுக்கும் விலை ஒரு பங்கு என்றால், அடுத்து வருகிறவன் கொடுக்கும் விலை பல பங்கு. லீகின் முதல் பழங்குடி வீரர் யார் என்ற பேச்சு வரும்போதெல்லாம் நீண்ட காலம் சாசகமூஸின் பெயரே சொல்லப்பட்டது. டாஃபியின் குடும்பத்தார் அவருக்கு உரிய இடத்தைக் கேட்டுப் பல ஆண்டு பாடுபட்டார்கள். கேட்டது நியாயம். முதலில் ஆடியவர் அவர்தான். ஆனால் ‘முன்னோடி’ என்ற சொல்லை அவருக்குக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. அந்தச் சொல் மாரகிளுக்கும் சாசகமூஸுக்கும் உரியது. மறைத்துக்கொள்ளும் வசதி இல்லாமல் வெளிச்சத்தில் நின்றவர்களுக்கு.

அதற்காக டாஃபியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் மாட்டேன். லீகின் முதல் கறுப்பின வீரர் வில்லி ஓரீ 1958 ஜனவரி 18-ஆம் தேதி பாஸ்டன் அணிக்காகப் பனியில் இறங்கினார். அவருக்கு வலது கண் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன் வட்டு அடித்துப் பார்வை போய்விட்டது. தெரிந்தால் ஆட விடமாட்டார்கள் என்று ஒருவரிடமும் சொல்லாமல் ஆடினார். அந்த மனிதரால் தோலை மறைக்க முடியவில்லை, கண்ணை மறைக்க முடிந்தது, மறைத்தார். அதை இன்றைக்கு எல்லாரும் தைரியம் என்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்கிறேன். கதவு மூடியிருக்கும்போது, அதைத் தாண்ட ஒருவன் எதைச் சட்டைக்குள் ஒளித்தான் என்று சோதிப்பதற்கு முன்னால், கதவைப் பூட்டியவனைப் பற்றிப் பேச வேண்டாமா?

1934-இல் சிகாகோ டெட்ராய்டை வென்று முதன்முறையாகக் கோப்பையை எடுத்தது. நான்காவது ஆட்டம் கோலே விழாமல் இரண்டாவது கூடுதல் நேரம்வரை இழுத்துப்போய் 1-0 என்று முடிந்தது. கோல்காத்த தலைவர் சார்லி கார்டினர் உடல்நலமில்லாமலேயே ஆடினார். இரண்டு மாதத்தில் இறந்துபோனார். டாஃபி அதோடு பெரிய லீகை விட்டார். முப்பத்து மூன்று வயது, இரண்டு கோப்பை. மவுன்ட் பிளசன்ட் பள்ளியை மூடியதும் அதே ஆண்டில்தான்.

ஊருக்குத் திரும்பி ஆற்றோரத்தில் சுற்றுலாக்காரர்களுக்கு ஒரு விடுதி நடத்தினார். 1939-இல் சார்லட் இறந்தார். அதற்குப் பிறகுதான் டாஃபி தான் யார் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

கோப்பை வாங்கி ஓய்வு பெற்ற பிறகும் ஐந்து வருஷம் ஏன் காத்திருந்தார் என்பதை நான் நிறைய யோசித்திருக்கிறேன். சம்பளம் பறிபோகும் பயம் இல்லை, பள்ளிக்கூடப் பயம் இல்லை. மிஞ்சியிருந்தது அம்மா மட்டும்தான். அந்த ரகசியம் அவருடையதாக இருந்திருந்தால் 1934-லேயே சொல்லியிருப்பார். அது சார்லட் கட்டிய வீடு. அவர் உள்ளே இருக்கும்போது கூரையைப் பிரிக்க மகனுக்கு மனம் வரவில்லை. இது என் வாசிப்பு. என் அப்பாவும் பாட்டி சாகும்வரை எங்கள் சாதியைத் தெருவில் சொல்லவில்லை என்பதால் இப்படிப் படிக்கிறேனோ என்னவோ.

இன்னொன்றும் தோன்றுகிறது. சூ சின்ன ஊர். சார்லட்டின் உறவுக்காரர்கள் அதே ஆற்றங்கரையில் இருந்தவர்கள். டாஃபி யாருடைய பிள்ளை என்று அவர்களில் பலருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நியூயார்க் பத்திரிகையில் அவர் படம் வந்தபோது, சிகாகோவில் கோப்பையைத் தூக்கியபோது, ‘அவன் எங்க பையன்’ என்று சொல்ல எத்தனை பேருக்கு நாக்கு துடித்திருக்கும். ஒருவரும் சொல்லவில்லை. ஒரு பையனுக்காக ஒரு சனமே வாயைக் கட்டிக்கொண்டு இருந்தது என்று நினைக்கும்போது, மறைத்தவர் அவர் ஒருவர் மட்டும்தானா என்று கேட்கத் தோன்றுகிறது.

அவர் 1964 ஆகஸ்டில் காலமானார். 1973-இல் அமெரிக்க ஹாக்கியின் புகழ்மன்றம் தொடங்கியபோது அதில் இடம்பெற்ற முதல் வரிசையில் அவர் பெயர் இருந்தது. அவருடைய அம்மாவைச் சேர்ந்த சூ ஊர் ஓஜிப்வே குலத்தை அரசு முறையாக அங்கீகரித்தது அதற்கு முந்தைய ஆண்டுதான். ஊரில் உள்ள பல்கலைக்கழகத்தின் பனி அரங்கத்துக்கு இப்போது டாஃபி ஏபல் அரங்கம் என்று பெயர்.

எனக்கு அதைவிட 1939-தான் முக்கியம். அம்மா போன அந்த ஆண்டில் டாஃபி தன் ஊரில் ஓர் அணியைப் பயிற்றுவித்தார். பெயர் சூ இந்தியன்ஸ். நாலு வயதில் காதில் விழுந்த அதே பெயர். அம்மாவின் நினைவாகத்தான் வைத்தேன் என்று இப்போது தயங்காமல் சொன்னார். சட்டை சட்டையாக அந்தப் பெயர் பனியில் ஓடியது. சார்லட் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.